கார் ரூஃப் துணி தலையில் தொங்குகிறதா? மாற்ற எவ்வளவு செலவாகும்? கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

காரில் ஏறி உட்கார்ந்ததும் தலையில் ஏதோ உரசுகிறது. அண்ணாந்து பார்த்தால் ரூஃப் துணி பந்தல் மாதிரி தொங்குகிறது. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் என கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். கம் போட்டு ஒட்டலாமா, குண்டூசி குத்தலாமா, இல்லை மொத்தமாக மாற்றணுமா? விவரமாகப் பார்க்கலாம்.

துணி ஏன் தொங்குகிறது?

காரின் உட்கூரையில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே அச்சில் வார்த்த கெட்டியான போர்டு. கீழே நம் கண்ணுக்குத் தெரியும் துணி. நடுவில் சில மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம். பெரும்பாலும் முதலில் கெடுவது இந்த ஃபோம்தான்.

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து தாக்கினால் ஃபோம் மெல்ல மெல்ல மக்கிப் பொடியாகிவிடும். பீரோவில் வருஷக்கணக்கில் வைத்த ஷூவின் அடிப்பாகம் பொலபொலவென உதிர்கிறதே, அதே கதைதான். வெளியே 36 டிகிரி வெயில் என்றால், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். காரைக்காலில் இதோடு கடல் காற்றின் ஈரமும் சேர்கிறது.

கம் போட்டு ஒட்டினால் நிற்குமா?

நிற்காது. துணிக்குப் பின்னால் இருப்பது வெறும் தூள். தூள் மேல் கம் அடித்தால் சில நாளில் மறுபடி தொங்கும், துணியில் கறையும் பிடிக்கும். தொங்கும் இடத்தை லேசாகத் தட்டிப் பாருங்கள். பழுப்பாகத் தூள் கொட்டினால் ஃபோமின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் மட்டும் துணி பிரிந்து, ஃபோம் மெத்தென்று இருந்தால் மட்டுமே ஒட்டு வேலை பலன் தரும்.

எவ்வளவு செலவாகும்?

துணி மட்டும் மாற்றுவது: சீட் கவர், குஷன் வேலை செய்யும் கடைகளில் போர்டைக் கழற்றி, பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்து, ஃபோம் ஒட்டிய புதுத் துணியைப் போடுவார்கள். தோராயமாக சின்ன கார்களுக்கு ரூ.2,500 முதல் ரூ.5,000 வரையும், செடான், எஸ்யூவி கார்களுக்கு ரூ.4,000 முதல் ரூ.8,000 வரையும் ஆகலாம். சன்ரூஃப் இருந்தால் கூலி கூடும்.

போர்டோடு புதிதாக மாற்றுவது: போர்டு உடைந்திருந்தாலோ, தண்ணீரில் ஊறி வளைந்திருந்தாலோதான் இது தேவை. பாகத்தின் விலையே துணி மாற்றும் செலவைவிட பல மடங்கு ஆகலாம். சொகுசு கார் என்றால் பல பத்தாயிரங்கள். ஒரு சின்ன ஆறுதல்: கார் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. வரி இல்லாமல் ரூ.10,000 விலையுள்ள பாகம் முன்பு ரூ.12,800, இப்போது ரூ.11,800.

உங்கள் கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாமல் கும்பகோணம், திருச்சி வரை போக வேண்டியிருந்தால், போய்வரும் பெட்ரோல் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி குத்தாதீங்க!

6 ஏர்பேக் உள்ள கார்களில் பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக்குகள் ரூஃப் ஓரத்தில், இந்த லைனிங்குக்குப் பின்னால்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தின்போது லைனிங்கின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டுதான் அவை விரியும். அந்த இடத்தில் ஊசி, ஸ்டேப்ளர், ஸ்க்ரூ போட்டால் ஏர்பேக் கிழியலாம், சரியாக விரியாமல் போகலாம், ஊசியே முகத்தில் பாயலாம். எனவே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சில நிமிடங்கள் காத்திருந்து வேலையைத் தொடங்கும் கடைக்காரரைத் தேர்ந்தெடுங்கள். ரூ.500 குறைவு என்று அனுபவம் இல்லாதவரிடம் கொடுக்க வேண்டாம்.

துணி தொங்கி பின்கண்ணாடியை மறைத்தால் அதுவும் ஆபத்துதான். தள்ளிப்போடாதீர்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வெயிலிலும் வயதிலும் கெட்டுப்போனால் கிடைக்காது. அது தேய்மானக் கணக்கில் போய்விடும். புயல், வெள்ளத்தில் சேதமானால் சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில் க்ளைம் செய்யலாம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் அதுவும் இல்லை.

கடையில் கேட்க வேண்டியவை

* போர்டை முழுசாகக் கழற்றி வேலை செய்வார்களா?
* ஃபோம் ஒட்டிய துணியா, வெறும் துணியா? வெறும் துணி போட்டால் போர்டின் மேடு பள்ளம் அப்படியே தெரியும்.
* கம் வெயில் சூட்டைத் தாங்குமா? எத்தனை மாத கேரண்டி?
* சன்ரூஃப் வடிகால் குழாய், ஆன்டெனா அடிப்பாகத்தில் கசிவு இருக்கிறதா? அதைச் சரி செய்யாமல் துணி மாற்றினால் அடுத்த ஐப்பசி மழையிலேயே கறை வந்துவிடும்.

வேலை முடிந்ததும் காரை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லாத இடத்தில் கண்ணாடிக்கு சன் ஷேட் போடுங்கள். சில நூறு ரூபாய் ஷேட், சில ஆயிரம் ரூபாய் செலவைத் தள்ளிப்போடும்.