உலக்கையோடு ஒரு பாட்டு

பிள்ளைகள் வெளியூர் சென்றபின், முதியோர் மட்டுமே வாழும் இல்லத்தில் விளக்குத் துலக்குவதும் பெரும் பாரமாகத் தோன்றும். உடற்சோர்வைவிட, 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்னும் மனச்சோர்வே நம்மைத் தடுக்கிறது.

மணிவாசகப் பெருமான் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளார். திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணத்தின் 20 பாடல்களும், இறைவன் ஆடுதற்குரிய நறுமணப் பொடியை இடிக்கும் மகளிர் பாடுவனவாக அமைந்தவை. பூக்கொய்யும் பணிக்குத் திருப்பூவல்லி. அம்மானை, ஊசல் முதலிய மகளிர் விளையாட்டுகளும் அங்கே வழிபாடாயின. உலக்கையின் கனம் குறையவில்லை. பாட்டு அதனை மறக்கச் செய்தது.

நாமும் விளையாடிப் பார்க்கலாம். திருவெம்பாவையின் 20 பாடல்கள் நிறைவதற்குள் பித்தளை விளக்குகள் பளிச்சிட வேண்டும் என்று நமக்கு நாமே பந்தயம் வைத்துக்கொள்ளலாம். காய் நறுக்குகையில் துண்டுக்கு ஒரு திருநாமம் சொல்லலாம். பந்தயத்தில் வென்றால் மகிழ்ச்சி. தோற்றாலோ மீண்டும் ஒருமுறை பாடும் பேறு! முழங்கால் வலித்தால், பாடல் முடியுமிடத்தில் அமர்ந்துவிடுங்கள். எஞ்சிய பணி நாளைய பாட்டுக்கு ஆகட்டும்.

மாலையில் அவ்விளக்கை ஏற்றுங்கள். அதன் ஒளியில் சுவாமியின் திருமுகம் தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள் என்றோமே, அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.