ஆண் முயலுக்கு நிழல் வேண்டும்

ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயருக்குச் சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். அந்தமான் கோழிகளுக்கு வேண்டிய மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலேறித்தான் வருகின்றன. அந்தமானின் பெரார்கஞ்சில் கறிக்கு முயல் வளர்க்க நினைப்பவரை முதலில் இழுப்பது இந்தச் செலவுக் கணக்குதான். முயலுக்கான தீவனத்தில் பெரும்பகுதி கொல்லையிலேயே விளையும்: அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, வேலிப்புல். சூபாபுல் தழையை மட்டும் அளந்து போட வேண்டும். அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்த்துவிடும். மழையில் நனைந்த தழையை அப்படியே போட்டால் வயிற்றோட்டம் வரும். வாட வைத்துத்தான் போட வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இது சின்ன வேலையல்ல.

பெரிய வில்லங்கம் புழுக்கம். கறி முயல்களில் பேர்பெற்ற சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்றவை குளிர்தேசத்து இனங்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இவற்றை வளர்ப்பதும் கொடைக்கானல் மலையில், மன்னவனூர்க் குளிரில். முயலுக்கு வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆண் முயலின் விந்து கெடும், தேற ஏறக்குறைய 2 மாதம் பிடிக்கும். பழியோ பெட்டை மேல் விழும், 'சினை பிடிக்கவில்லை' என்று. வெறும் தகரக் கூரை போட்டவர் தகரத்தின் மேல் ஓலை வேயட்டும். பெட்டையை மாற்றிப் பயனில்லை.

இணை சேர்க்க, விடியலில் பெட்டையை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் கடிபடும். சுமார் 31 நாளில் ஈனும். அதற்கு முன்பே வைக்கோல் பெட்டி வைத்துவிட்டால், தாய் தன் மயிரையே பிடுங்கி மெத்தை போட்டுக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் 'தாய் குட்டியைக் கைவிட்டுவிட்டது' என்று பதறுவார்கள். குட்டி வயிறு உப்பியிருந்தால் கவலையே வேண்டாம்.

கூண்டுக் கம்பி தரமானதாக இருக்கட்டும். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், கம்பி விட்டால் முயல் தப்பிவிடும். முயலோ அந்தமானுக்குப் பூர்வீகமில்லாத பிராணி, வெளியே பெருகினால் காட்டுக்குக் கேடு. பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் பெருகி, அந்தமான் காட்டின் இளங்கன்றுகளை இன்றும் மேய்ந்து தீர்க்கிறது.

விற்பனையில் ஒரு குழப்பம் வரும். காட்டு முயலை வேட்டையாடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பண்ணை முயல் வேறு இனம், அதற்கு அந்தத் தடை இல்லை. குட்டி வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கறி வாங்க வருபவர் கேட்கக்கூடும். சுமார் 3 மாதத்தில் 2 கிலோ தேறும், உரித்தால் கறி ஏறக்குறைய பாதி. அந்தப் பாதியை வைத்து விலை போடுங்கள்.