தசைமுடிச்சுக்கு ஊசி

கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட சதையை அழுத்திப் பார்த்தால் சிலருக்கு இறுகிய பட்டை ஒன்று விரலில் தட்டுப்படும். அதில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தொட்டாலே ஆள் துள்ளிவிடுவார். ‘வாய்வு பிடித்துக்கொண்டது’ என்று வீடுகளில் சொல்லும் வலிகளில் பலவற்றுக்கு இப்படியொரு முடிச்சு காரணமாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை ‘ட்ரிக்கர் பாயின்ட்’ என்கிறார்கள்.

முடிச்சு ஓரிடத்திலும் வலி வேறிடத்திலும் இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். தோள்மேட்டு முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியும். பிட்டத்தின் உள்தசையில் உள்ளது காலில் இறங்கி, நரம்பு நசுங்கியது போலவே ஏமாற்றும். 1938இல் இங்கிலாந்தின் ஜான் கெல்கிரன் தசைகளில் அடர்ந்த உப்புநீரைச் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று பதிவு செய்தார். அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல் அந்தத் துறையை விரிவாக்கினார். டேவிட் சைமன்ஸுடன் அவர் எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983இல் வெளிவந்தது.

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்கம் வந்தால் விழாமலிருக்க நோயாளியைப் படுக்க வைப்பார்கள். மருத்துவர் முடிச்சை இரு விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, மெல்லிய ஊசியைச் செலுத்தி, முழுவதும் வெளியே எடுக்காமலே திசை மாற்றி மாற்றிக் குத்துவார். சரியான இடத்தில் பட்டால் தசை ஒருகணம் வெட்டி இழுக்கும். அது நல்ல அறிகுறி. உள்ளே செல்வது பெரும்பாலும் லிடோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து, மிகக் குறைந்த அளவில்.

வேலை செய்வது மருந்தா, ஊசியா? ஊசிக்கே பங்கு அதிகம் என்று கருத இடமுண்டு. வெறும் ஊசி குத்தினாலே வலி குறைகிறது என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். மரக்கும் மருந்து சேர்த்தால் குத்திய பிறகு வரும் வலி குறைகிறது. ஸ்டீராய்டு, போடாக்ஸ் இரண்டும் இதைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்றில்லை, செலவுதான் கூடும். முடிச்சு எப்படி உருவாகிறது என்பதிலேயே ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் இரு மருத்துவர்கள் ஒரே இடத்தைக் காட்டுவதும் நிச்சயமில்லை.

ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலியும் கன்றலும் இருக்கும். அரிதான ஆபத்து, நெஞ்சுக்கூட்டை ஒட்டிய இடங்களில் ஊசி ஆழமாகப் போய் நுரையீரலைத் துளைப்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், மரக்கும் மருந்து ஒவ்வாதவர், அந்த இடத்தில் சீழ்ப்புண் உள்ளவர் ஆகியோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசியால் வலி தணிந்திருக்கும் நாட்களில் தசையை நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் முடிச்சு திரும்பிவிடலாம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் முதுகுவலியே இதற்குச் சாட்சி. டிராவல் அவருக்கு 1955 முதல் புரோக்கெய்ன் ஊசி போட்டு வந்தார். 1961இல் வெள்ளை மாளிகை மருத்துவராகவும் ஆனார். ஊசி அளவுமீறிப் போகிறது என்று மற்ற மருத்துவர்கள் கவலைப்பட்டதால், அவ்வாண்டின் இறுதியில் ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவரை அழைத்தார்கள். அவர் கொடுத்தது உடற்பயிற்சி. அதில்தான் கென்னடியின் முதுகு தேறத் தொடங்கியது.