கணிப்பொறிக் கணக்கைக் காகிதத்தில் இறக்க

காளஹஸ்தியில் கலம்காரித் துணி வியாபாரம் செய்யும் நம்மவர் ஒருவர், கடைக்கென்று தனியாக ஒரு மென்பொருள் எழுதி வாங்கினார். சரக்கு, வரவு, பாக்கி எல்லாம் தரவுத்தளத்தில் ஒழுங்காக ஏறின. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை அச்செடுத்தபோதுதான் வந்தது வினை. கெங்கையம்மாளின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. பக்கக் கூட்டுத்தொகையும் இல்லை. எழுதிக் கொடுத்த பையனோ பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த வருஷக் கணக்கு முழுவதையும் நண்பரின் மனைவி கையால்தான் எழுதி முடித்தார்.

குற்றம் தரவுத்தளத்தில் இல்லை. அதிலிருப்பதை எடுத்து, வரிசைப்படுத்தி, பக்கம் பிரித்து, கூட்டிக் காட்டுவதற்கென்று அறிக்கை மென்பொருள் என்று ஒன்று தனியாக உண்டு. பயன்பாட்டை எழுதுபவர் அதைத் தாமே செய்யாமல் ஆயத்தமாக வாங்கிச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். கனடாவின் வான்கூவரில் பிறந்த கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், 1993இல் விஷுவல் பேசிக் 3 உடன் சேர்ந்தே வந்ததால் உலகெங்கும் பரவியது. பல கைகள் மாறி இன்று எஸ்.ஏ.பி. நிறுவனத்திடம் இருக்கிறது. ஜாவாக்காரர்களுக்கு ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், டெல்பிக்காரர்களுக்கு ஃபாஸ்ட் ரிப்போர்ட் என்று வேறு சிலவும் உண்டு.

எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், முதலில் உங்கள் எழுத்தை அச்சடித்துப் பாருங்கள் என்பேன். யூனிகோடு முறையில் 'கெ' என்பது 'க' முதலிலும் கொம்பு பிறகுமாகச் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் வேலை. திரையில் அதைச் சரியாகச் செய்துவிட்டு, பி.டி.எஃப். கோப்பாக மாற்றும்போது கோட்டை விடுபவை உண்டு. (பழைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பைத் தட்டச்சு செய்த இடத்திலேயே சேமித்ததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும்.) தெலுங்கில் இன்னும் கடினம். ஸ்ரீகாளஹஸ்தி என்று எழுதினாலே இரண்டு கூட்டெழுத்துகள் வந்துவிடும். ஊர்ப் பெயரே நல்ல பரீட்சை!

அடுத்தது, பில்லின் வடிவம் எங்கே இருக்கிறது என்பது. நிரலுக்குள்ளேயே புதைந்திருந்தால் சின்ன மாற்றத்துக்கும் அந்தப் பையனைத் தேடவேண்டும். தனிக் கோப்பாக இருந்தால் வேறொருவர் திருத்தலாம். மாற்றம் வராமலா இருக்கும்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. திருப்பதிக் கடைக்குச் சரக்கு போனால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு பத்திகள். சென்னைக் கடைக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே பத்தி. நிபந்தனையைப் பார்த்துப் பத்தியைக் காட்டவும் மறைக்கவும் அறிக்கைக்குத் தெரியவேண்டும். 2022 ஏப்ரலில் ஊரே சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. பில் தலைப்பில் விலாசம் மாறியது.

விலை கேட்கும்போது வடிவமைக்கும் கருவிக்கு எவ்வளவு, ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஓட்டுவதற்குத் தனியாக எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இலவசம் என்று சொல்வதில் உழைப்புச் செலவு ஒளிந்திருக்கும். பத்து வரி மாதிரியைக் காட்டி மயக்குவார்கள். உங்கள் ஒரு வருஷக் கணக்கைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பக்கம் மாறும் இடத்தில் தலைப்பு திரும்ப வருகிறதா, முந்தைய பக்கத் தொகை தொடர்கிறதா என்று பாருங்கள். கடையில் புள்ளி அச்சுப்பொறி இருந்தால் அதிலேயே அச்செடுக்க வேண்டும், விற்பவரின் லேசர் அச்சுப்பொறியில் அல்ல.

நண்பர் இப்போது கெங்கையம்மாள், கோவிந்தசாமி என்று தமிழில் இரண்டு பெயர்களையும், தெலுங்கில் ஊர்ப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். மென்பொருள் விற்க யார் வந்தாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.