சராசரி மறைத்துவிடும் அசைவு

உம்மா தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தால், சற்று நேரத்தில் அதன் மூக்கிலிருந்து ஆவி சீறி வரும். நேராகப் புறப்படும் அத்தாரை சிறிது தூரத்திலேயே சுருண்டு, அகன்று, கலைந்துவிடும். இதுவே கொந்தளிப்புத் தாரை.

சீரான பாய்ச்சல் எவ்வாறு கொந்தளிப்பாக மாறுகிறது என்பதை 1883இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கண்ணாடிக் குழாய் நீரில் சாயத்தைச் செலுத்திக் காட்டினார். கொந்தளிப்பில் ஒரு புள்ளியின் வேகம் கணத்துக்குக் கணம் மாறும். எனவே அதைச் சராசரி என்றும், சராசரியிலிருந்து விலகும் ஏற்ற இறக்கம் என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

வட்டத் துளையிலிருந்து புறப்படும் தாரையில், துளைக்கு வெகு தொலைவில், நடு அச்சின் ஏற்ற இறக்கம் பாயும் திசையில் சராசரி வேகத்தின் ஏறத்தாழ காற்பங்கு. பக்கவாட்டிலோ ஏறத்தாழ ஐந்திலொன்று. ஏன் இந்த வேறுபாடு? விரையும் தாரைக்கும் அமைதியான வெளிக்காற்றுக்கும் இடையிலான வேக வித்தியாசமே கொந்தளிப்புக்குச் சக்தி தருகிறது. அச்சக்தி முதலில் பாயும் திசையின் அசைவுக்கே சேர்கிறது. அமுக்க மாற்றங்கள் அதில் ஒரு பகுதியைப் பக்கவாட்டுக்குப் பகிர்கின்றன. ஆனால் முற்றாகச் சமப்படுத்துவதில்லை.

நடு அச்சில் பக்கவாட்டு வேகத்தின் சராசரி பூச்சியம். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே குறுக்கு அசைவே இல்லை. ஆனால் ஆவியைக் குறுக்கே கொண்டுசென்று வெளிக்காற்றுடன் கலப்பவை அந்த அசைவுகளே.

ஆய்வுகூடத்தில் பல வாசிப்புகள் எடுத்து, சராசரியை எழுதி, மிகுதியை வழு என்று விட்டுவிடுகிறோம். தோழியரே, சில வேளைகளில் விடை அந்த மிகுதியில்தான் இருக்கிறது.