கண்டலுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் போகிற பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ‘பாதை’ என்ற படகுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்குக் கரையைப் பார்க்கவாவது நேரம் இருந்தது. இப்போது இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். அந்தக் கரைகளுக்கு உரிய காடு கண்டல்.

கண்டல் பிள்ளை பெறும் மரம். விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, விரல் தடிப்பில் முழ நீளத்துக்குப் பச்சைக் குச்சியாக வளர்ந்து, பிறகுதான் கழன்று விழுகிறது. சேறு கிடைத்தால் அங்கேயே குத்தி நிற்கும்; கிடைக்காவிட்டால் மிதந்துபோய் வேறொரு கரையில் வேர்விடும். அதன் பக்கத்திலேயே நிற்கிற கண்ணா மரம் வேறு மாதிரி. பென்சில்களை நெருக்கமாகக் குத்திவைத்தது போலச் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டிருக்கும். வற்று நேரத்தில் அந்த வேர்கள் காற்றை வாங்குகின்றன, பெருக்கில் மூழ்குகின்றன.

இந்த வேர்ச் சிக்கலுக்குள்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் பெரிய வாய்களுக்குத் தப்பி வளர்கின்றன. விழுகிற இலை அவற்றின் சாப்பாட்டுக்கு ஆதாரம். மிச்சம் சேற்றில் புதைகிறது. அந்தச் சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு என்பதால் எளிதில் மக்குவதில்லை. அதிலுள்ள கரிமம் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு ஹெக்டேயர் கண்டல் நிலம் தரைக்காட்டைவிட மூன்று, நான்கு மடங்கு கரிமத்தைச் சேர்த்துவைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, காலடியில்தான். காட்டை வெட்டிச் சேற்றைக் கிளறினால் அது திரும்ப வானத்துக்குப் போய்விடும்.

2004 டிசெம்பர் 26க்குப் பிறகு கண்டலுக்குப் புதுமதிப்பு வந்தது. ஆழிப்பேரலையை மரங்கள் எவ்வளவு தடுத்தன என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை; ஊர் எவ்வளவு மேட்டில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே முக்கியம் என்கிறவர்கள் உண்டு. ஆனால் பணம் வந்தது, நிறுவனங்கள் வந்தன, நடுகை தொடங்கியது.

பலன்? இலங்கையின் கண்டல் மீள்நடுகைகளை ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் நேரில் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சொல்கிறது. 23 இடங்கள், 67 நடுகை முயற்சிகள், 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்களில்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை.

காரணம் பெரும்பாலும் உயரம். மரத்தின் உயரம் அல்ல, நிலத்தின் உயரம். கண்டல் வளர்வது பெருக்குக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட பட்டையின் மேற்பாதியில். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே திருகோணமலைக் கரையில் சாண் கணக்கில்தான் இடம். சற்றுக் கீழே நட்டால் செடி எந்நேரமும் தண்ணீரில் நின்று மூச்சு முட்டும். பாசி மூடும், தண்டில் சிப்பியினங்கள் ஒட்டிக் கனத்து இழுக்கும். சற்று மேலே நட்டால் கச்சான் காலத்தில் மண் வெடித்து உப்புப் பூக்கும். அதையும் தாங்கினால் மாடு இருக்கிறது. மேய்ச்சலும் மிதிப்பும் அந்த ஆய்வில் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கின்றன. வேலி போட்டு, நட்ட பிறகும் கவனித்த இடங்களில் செடிகள் பிழைத்தன. திறப்பு விழாவோடு நின்ற இடங்களில் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பிழையான இடத்தில் நடுகிறார்கள்? சரியான இடத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். அது இப்போது வயல், இறால் பண்ணை, றோட்டு அல்லது குடியிருப்பு. யாரும் சண்டைக்கு வராத இடம் வற்றில் தெரிகிற சேற்றுத்திடல். ஆனால் அதுவும் சும்மா கிடக்கிற நிலமல்ல: முழங்கால் சேற்றில் மட்டி பொறுக்குகிற பெண்களின் வருமானம் அங்கேதான், வலசைப் பறவைகளின் இரையும் அங்கேதான். அதில் குச்சி நடுவது ஒரு வாழ்விடத்தைக் கெடுத்து இன்னொன்றையும் உண்டாக்காமல் விடுகிற வேலை. கண்டல் முளையைப் பொறுக்குவதும் நடுவதும் எளிது என்பதால் கண்ணா நிற்க வேண்டிய இடத்திலும் அதையே நடுகிறார்கள்.

பாக்குநீரிணைக்கு அப்பால் பிச்சாவரத்தில் வேறு வழி பார்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து பட்டைபட்டையாக முற்றாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து தொட்டி மாதிரியாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் உப்பேறியிருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. தண்ணீர் வந்துபோகத் தொடங்கியது, நட்டவையும் பிழைத்தன.

இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை ஐ.நா. 2024 பெப்ரவரியில் உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. 2030க்குள் 10,000 ஹெக்டேயர் இலக்கு. எத்தனை செடி நட்டார்கள் என்று எண்ணினால் இலக்கு எளிதில் எட்டிவிடும். ஐந்து வருடம் கழித்து நிற்பவற்றை எண்ணினால்தான் கணக்கு கஷ்டம்.

கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிறது. நன்னீரும் வண்டலும் அங்கே வரவு. தாய்மரம் பக்கத்தில் நின்று, தண்ணீரும் வந்துபோனால் முளைகள் தாமாகவே வரும். வராத இடத்தில் முதலில் தேட வேண்டியது தூர்ந்த வாய்க்காலையும், றோட்டுக்கடியில் அடைபட்ட மதகையும். ஒரு பெக்கோவும் ஒரு பகலும் போதுகிற வேலையாகக்கூட அது இருக்கலாம். என்ன, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மதகோடு படம் எடுக்க முடியாது.