பிரிண்டர் நின்றால் கணக்கைப் பாருங்கள்

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யாமல் போனது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் பயன்படுத்தும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்போடு இணைந்த பிரிண்டர் அது. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் அதன் பெயரில் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குப் போயிருந்தன. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். அதில் துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. பிரிண்டரை முடக்கியவர்கள் ஹேக்கர்கள்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. வங்கதேசத்தில் வார விடுமுறை நாள். அந்நாட்டு மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் பிரிண்டரும் அன்று ஓடவில்லை. வழக்கமான பழுது என்று விட்டுவிட்டார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அவர்களுடைய கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை எடுக்கும் போலி உத்தரவுகள் அதற்குள் போய்விட்டன. பெரும்பகுதி நிறுத்தப்பட்டாலும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகத்தில் சிக்கி மீட்கப்பட்டது.

உள்ளே நுழைந்தவர்கள் இரண்டு இடத்திலும் பணத்தோடு சேர்த்துத் தகவல் வரும் வழியிலும் கைவைத்தார்கள். வரக்கூடாத செய்தி வந்தால் உஷாராகிவிடுகிறோம். வர வேண்டிய செய்தி வராமல் போனால் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. திருடர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017இல் நடந்தது இன்னும் மோசம். நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைச் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதற்குரிய டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியும் யாரும் புதுப்பிக்கவில்லை. கருவி பேசாமல் இருந்ததால் எல்லாம் நலம் என்று இருந்துவிட்டார்கள். ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்ததுமே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மே மாதமே திருட்டு தொடங்கியிருந்தது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயிருந்தன.

எதைக் கவனிக்க வேண்டும்?

• இரவு இரண்டு மணிக்கோ விடுமுறை நாளிலோ ஊழியரின் பெயரில் லாகின் நடப்பது. பலமுறை தவறான பாஸ்வேர்ட் விழுந்தபின் ஒருமுறை சரியாகத் திறப்பது.

• யாரும் உருவாக்காத புதிய அட்மின் கணக்கு.

• ஆன்டிவைரஸ் தானாக அணைந்து கிடப்பது, லாக் பதிவுகளில் சில மணி நேரம் மட்டும் காணாமல் போவது, பேக்கப் நின்றுபோவது.

• அலுவலக மின்னஞ்சல்கள் அறியாத முகவரிக்குத் தானாக அனுப்பப்படும்படி மெயில்பாக்ஸில் யாரோ விதி அமைத்திருப்பது. கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் இதை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

• வழக்கத்துக்கு மாறாகப் பெருமளவு தரவு வெளியே போவது.

ஒவ்வொன்றுக்கும் சாதாரண விளக்கம் இருக்கலாம். அந்த விளக்கம் உண்மைதானா என்று சரிபார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

கண்டதும் என்ன செய்வது?

சந்தேகத்துக்குரிய கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள். கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். கணினியை அணைத்தாலும் அதன் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். ஆகவே அந்த முடிவை ஐ.டி. பிரிவிடம் விடுங்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து, பார்த்த நேரத்தைக் குறித்து வையுங்கள். பாஸ்வேர்டுகளைப் பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் அதே நிமிடம் வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.

நிறுவனத்தின் கடமை

மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான கட்டணமில்லா எண் 1800-11-4949. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எது முதலில் நடந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. உத்தரவை மீறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனை உண்டு.

வாடிக்கையாளரின் உரிமை

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தால் 200 கோடி ரூபாய் வரையிலும், போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டிருந்தால் 250 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகின்றன. இந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கில் பணம் போனால் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் இழப்பு உங்களுடையதல்ல. தாமதிக்கத் தாமதிக்க உங்கள் பங்கு கூடும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரையிலான இழப்பு உங்கள் தலையில்தான் விழும். எஸ்.எம்.எஸ். வரும் எண்ணை வங்கியில் சரியாகப் பதிந்து வையுங்கள். புகார் எண்ணை எழுதி வாங்குங்கள்.

சந்தேகம் முதலில் எழுவது பெரும்பாலும் கவுண்டரில் இருப்பவருக்கோ கணக்கு எழுதுபவருக்கோதான். தவறான லிங்கைத் தொட்டுவிட்டேன் என்று அவர் சொல்லும்போது மெமோ கொடுக்கும் அலுவலகத்தில், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சிட்டி யூனியன் வங்கியில் திருட்டு வெளிப்பட்டது அன்றாடக் கணக்குச் சரிபார்ப்பில். அந்தப் பழக்கமும், ஊழியர் பயமில்லாமல் விஷயத்தைச் சொல்ல இடம்தரும் ஒரு மேலாளரும் உங்கள் அலுவலகத்தில் உண்டா? இல்லையென்றால் புதிய மென்பொருளுக்குச் செலவழிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.